பங்கும் பொறுப்பும்

கூடித் தொழில் செய்தல் நன்றென்பதனை மறுப்பார் ஒருவருமிலர். ஆயினும், கூடித் தொடங்கிய தொழில்களுட் பல இடைவழியிலே முறிந்து போதற்குக் காரணம் யாது என ஆராய்வார் சிலரே. திறமை இன்மையால் முறிவன சில. பொருள் இன்மையால் முறிவன சில. கணக்கு இன்மையால் முறிவன அவற்றினும் பல என்பது யாம் எம் அநுபவத்தால் அறிந்த உண்மை. நண்பர்களுக்குள் கணக்கு எதற்கு என்று சொல்லித் தொடங்கியவர்கள், பின்னர்க் கணக்கு ஒன்றனையே பேசிப் பிரிந்து போதலைப் பலரும் கண்டிருப்பர். யாம் அவ்வாறு பிரியும் எல்லை வரை சென்று மீண்டோம். அவ்வரலாற்றை இம்மலரில் எழுதுமாறு ஆசிரியர் பணித்தமையின், எம் குற்றத்தையும் ஒளியாது ஈண்டு உரைக்கத் துணிந்தோம்.

யாம் இக்கல்லூரியிற் கணினி இயல் பயின்று 2019ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றோம். எம் காலத்து மாணவர் மூவர் எமக்கு நெருங்கிய நண்பர். ஒருவர் ஓவியத்தில் வல்லவர், கடற்கரை ஊரினர், அவர் தந்தையார் வள்ளம் வைத்து மீன் பிடிப்பவர். மற்றொருவர் இசைஞர், கல்லூரி விழாக்களில் அவர் கீபோர்டு வாசிக்கக் கேளாதார் அக்காலத்தில் இலர். மூன்றாமவர் தமிழிலக்கியம் பயின்ற தோழியார். கதை புனைதலிலும் கடிதம் வரைதலிலும் தேர்ந்தவர். 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கொரோனாத் தொற்றின் காரணமாக யாவரும் வீட்டிலே அடைபட்டிருந்த நாளில், நால்வேமும் கூடிக் கணினி விளையாட்டு ஒன்று இயற்றுவது என்று முடிவு செய்தோம். இரவிலே கரை காணாது அலையும் சிறு படகு ஒன்றை, விண்மீன்களையும் கலங்கரை விளக்கத்தையும் குறியாகக் கொண்டு, விடியுமுன் கரை சேர்ப்பதே அவ்விளையாட்டின் கருத்து.

இத்தகைய விளையாட்டு ஒன்று உருவாதற்குப் பலவகை உழைப்பு வேண்டும். படகு அசைவதும், அலை எழுவதும், ஆடுவோன் தவறியவிடத்து ஆட்டம் முடிவதும் நிரலால் அமைவன. அது எம் வேலை. கடலும் வானும் கரையும் ஓவியர் வேலை. காற்றின் ஒலியும் பாட்டும் இசைஞர் வேலை. கதையும், உரையாடலும், பிழை காணச் சிலரிடம் கொடுத்து ஆடச் செய்தலும், விளம்பரமும், கடிதப் போக்குவரத்தும் தோழியார் வேலை. இவற்றுள் ஒன்று குறையினும் ஏனைய மூன்றும் பயன்படா. இவ்வுண்மையை அன்று தொலைபேசியிலே மகிழ்ச்சியோடு பேசிக்கொண்ட யாம், "வருவது எதுவாயினும் நான்கு சம பங்கு" என்று ஒரே வாக்கியத்தில் உடன்படிக்கையை முடித்தோம். அவ்வாக்கியத்தைத் தாளில் எழுதினோரும் இலர். எழுதவேண்டும் என்று சொன்னோரும் இலர்.

நிற்க. காலம் செல்லச் செல்ல உழைப்பு நான்கு சம பங்காக நில்லாதாயிற்று. இசைஞர் தம் பகுதியை ஐந்து திங்களில் முடித்துத் தந்துவிட்டு ஒரு பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். ஓவியருக்கு ஏற்ற கணினி இல்லாமையின், அவர் தம் தாயார் சங்கிலியைக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்து 48,000 ரூபாய்க்கு ஒன்று வாங்கினார். அதனைக் கூட்டுச் செலவு என்று அவரும் சொல்லவில்லை, யாமும் கேட்கவில்லை. எமக்கோ பகலில் ஓர் அலுவலகத்தில் வேலை. இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நிரல் எழுதுதல். இரண்டு ஆண்டுகள் இவ்வாறு சென்றன. "எல்லாரும் முடித்துவிட்டு உறங்குகின்றனர், யாம் ஒருவரே விழித்திருக்கின்றோம்" என்ற எண்ணம் எம் மனத்திற் புகுந்தது. புகுந்த எண்ணம் நாடோறும் வளர்ந்தது. தோழியார் செய்வதை வேலை என்றே யாம் கருதவில்லை. கடிதம் எழுதுதல் ஒரு வேலையோ என்பது எம் நினைவு.

இனி எம் குற்றத்தைச் சொல்வோம். ஆடுவோன் இடையில் நிறுத்திய ஆட்டத்தை மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி நிலையைச் சேமித்து வைக்கும் பகுதி ஒன்று உண்டு. அதனை முடித்துவிட்டோம் என்று 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கி ஆறு வாரம் நண்பர்களுக்குச் சொல்லி வந்தோம். உண்மையில் அது பாதியிலே நின்றது. இன்று முடிப்போம், நாளை முடிப்போம் என்று எம்மையே ஏமாற்றிக்கொண்டோம். ஜூலை மாத இறுதியில் இக்கல்லூரி மாணவர் சிலர் முன்னிலையில் விளையாட்டை ஆடிக் காட்ட ஏற்பாடாயிற்று. முற்பகல் ஆடியவர்கள் உணவுக்குச் சென்று மீண்டு வந்து பார்த்தபொழுது அவர்கள் சேமித்த ஆட்டம் ஒன்றும் காணப்படவில்லை. மாணவர் சிரித்தனர். அப்பொழுது யாம் செய்தது யாது? "ஓவியங்கள் மிகப் பெரியனவாக இருத்தலின் கணினி தாங்கவில்லை" என்று நா கூசாது சொன்னோம். ஓவியர் ஒன்றும் பேசாது தலை குனிந்து நின்றார்.

நிரல் எழுதுவோர் தாம் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் நாளும் நேரமும் குறித்து வைக்கும் பதிவேடு ஒன்று உண்டு. கிட் என்பது அதன் பெயர். தோழியார் நிரல் அறியாதவரேனும் அப்பதிவேட்டைப் படிக்கக் கற்றிருந்தார். ஆறு வாரமாக அப்பகுதியில் ஒரு வரியும் மாறவில்லை என்பதை அவர் கண்டார். கண்டும் பிறரிடம் சொல்லாது எமக்கு மட்டும் எழுதினார். யாம் நாணியிருத்தல் வேண்டும், சினந்தோம். அச்சினத்தில், ஆகஸ்டு மாதத்தில் நடந்த கூட்டத்தில், "இரண்டாண்டு உழைத்தவனுக்கும் ஐந்து திங்கள் உழைத்தவனுக்கும் ஒரே பங்கு ஆமோ? எமக்குப் பாதி வேண்டும், மிச்சத்தை மூவரும் பிரித்துக்கொள்க" என்றோம். ஓவியர் அன்றுதான் முதன்முறையாக வாய் திறந்தார்: "அப்படியானால் என் படங்களை நான் எடுத்துக்கொள்கிறேன், உங்கள் நிரலை வைத்து நீங்கள் வேறு படம் வரைந்துகொள்ளுங்கள்." கூட்டம் அத்துடன் முடிந்தது. இரண்டு திங்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை.

பேசாதிருந்த அந்நாளில் யாம் சட்ட நூல்களைப் புரட்டினோம்; எம் பக்கத்து நியாயத்தைத் தேடியே புரட்டினோம் என்பதை மறைப்பதிற் பயனில்லை. ஆயின் கண்டது வேறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஊதியத்திற்கு அமர்த்தப்படாது தாமே வரைந்த ஓவியத்திற்கு வரைந்தவரே முதல் உரிமையாளர். அவ்வுரிமையைப் பிறருக்கு மாற்றிக் கொடுத்தல் எழுத்தில் இருந்தாலன்றிச் செல்லாது என்பது 19ஆம் பிரிவு. காலம் குறியாது எழுதினால் அம்மாற்றம் ஐந்தாண்டுக்கு மட்டுமே நிற்கும் என்பதும், இடம் குறியாவிடின் இந்தியாவிற்கு மட்டுமே செல்லும் என்பதும் அதனுள்ளேயே உள. ஆகவே ஓவியர் சொன்னது முற்றிலும் நியாயம். அவர் படமின்றி எம் நிரல் இருளிற் கிடக்கும் வெறும் கணக்கே.

1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டமும் எமக்குத் துணை செய்யவில்லை. வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்துக் கூட்டாளிகள் இலாபத்தைச் சமமாகப் பெறவும் நஷ்டத்தைச் சமமாகத் தாங்கவும் கடவர் என்றும், தொழிலை நடத்தியதற்காகத் தனி ஊதியம் கேட்கும் உரிமை கூட்டாளிக்கு இல்லை என்றும் அதன் 13ஆம் பிரிவு கூறுகின்றது. வாய்மொழியாலும் நடக்கையாலுங்கூடக் கூட்டாண்மை உண்டாகலாம் என்பதனையும், கூட்டு நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பாவர் என்பதனையும், பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் தன் உடன்படிக்கையினின்று எழும் உரிமைக்காகப் பிறர்மேல் வழக்குத் தொடர இயலாது என்பதனையும் அப்பொழுதே அறிந்தோம். அதன் 9ஆம் பிரிவு எம்மை மிகவும் சுட்டது. கூட்டாளிகள் ஒருவர்க்கொருவர் உண்மையான கணக்கும் முழுமையான செய்தியும் தரக் கடமைப்பட்டவர் என்பது அது. ஆறு வாரம் பொய்ச் செய்தி தந்தவர் யாம் அன்றோ?

இத்துறையின் பழைய வரலாற்றையும் அக்காலத்தே படித்தோம். அமெரிக்க நாட்டில் அடாரி என்னும் நிறுவனம் கணினி விளையாட்டால் பெரும்பொருள் ஈட்டிய நாளில், அவற்றை இயற்றியவர்க்கு மாத ஊதியமன்றிப் பங்கும் இல்லை; பெட்டியின்மேற் பெயரும் இல்லை. வாரன் ராபினெட் என்பார் தாம் இயற்றிய அட்வெஞ்சர் என்னும் விளையாட்டினுள் யாருமறியாத அறை ஒன்றை அமைத்து அதிலே தம் பெயரைப் பொறித்து வைத்துவிட்டு, 1979இல் அந்நிறுவனத்தை விட்டு நீங்கினார். அவ்வாண்டிலேயே டேவிட் கிரேன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட், லேரி கேப்ளன் என்னும் நால்வர், தம் உழைப்பின் பயனிற் பங்கும் பெயரும் கேட்டுப் பெறாமையின் வெளியேறி, ஆக்டிவிஷன் நிறுவனம் தோன்றக் காரணமாயினர். அந்நிறுவனம் தன் விளையாட்டுகளில் இயற்றியவர் பெயரை வெளிப்படையாக அச்சிட்டது. பெயரும் பங்கும் மறுக்கப்பட்டவிடத்துத் திறமை தங்காது என்பதற்கு இது சான்று.

இதற்கு மறுதலையான காட்சி ஒன்றும் உண்டு. பிரான்சு தேசத்துப் போர்தோ நகரில் 2001இல் தோன்றிய மோஷன் ட்வின் என்னும் குழு, தொழிலாளர்களே உடைமையாளராகிய கூட்டுறவு முறையில் நடப்பது. உறுப்பினர் யாவர்க்கும் ஒரே ஊதியம், ஒரே வாக்கு. 2018இல் முழுமையாக வெளிவந்த டெட் செல்ஸ் என்னும் அவர்தம் விளையாட்டு உலகெங்கும் புகழ் பெற்றது. ஆயினும் அக்குழு தான் சிறியதாகவே இருக்க விரும்பியமையின், 2019இல் ஈவில் எம்பயர் என்னும் வேறொரு நிறுவனம் தோன்றி அவ்விளையாட்டின் தொடர்பணியை ஏற்றது. சமபங்கு முறை கைகூடும். ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில், ஒரே வேலையாக, முழு நேரமும் உழைக்குமிடத்து அது எளிதிற் கைகூடும். ஒருவர் இரவில் உழைக்க, ஒருவர் ஐந்து திங்களில் விலக, ஒருவர் நகையை அடகு வைக்க நடந்த எம் முயற்சிக்கு அதனை அப்படியே எடுத்துப் பொருத்த இயலாது என்று கண்டோம்.

அக்டோபர் மாதத்து ஞாயிறு ஒன்றில் தோழியார் எம் மூவரையும் ஓவியர் வீட்டிற்கு வருமாறு எழுதினார். சென்றோம். முற்றத்திலே ஓவியரின் தந்தையார் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். நால்வேமும் ஆளுக்கொரு பக்கம் பார்த்து அமர்ந்திருத்தலைக் கண்ட அவர், "மக்களே, என்ன வழக்கு?" என்று கேட்டார். தோழியார் வழக்கை உரைத்தார். அவர் ஊசியை நிறுத்தாமலே விடை சொன்னார். அவர் கூறியதன் சாரம் இது: வள்ளம் கரைக்கு வந்து மீன் விற்றதும் முதலில் எண்ணெய்ச் செலவும் பனிக்கட்டிச் செலவும் கழிக்கப்படும். பின்பு வள்ளத்திற்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு எடுக்கப்படும். எஞ்சியதே ஆட்களுக்குப் பங்கு. வள்ளத்திற்கும் வலைக்கும் பங்கு இல்லையென்றால் அடுத்த ஆண்டு வள்ளமும் இராது, வலையும் இராது. காய்ச்சலிற் படுத்தவனுக்கும் ஒரு வாரம் பங்கு உண்டு. சொல்லாமல் வராதவனுக்கு இல்லை.

யாம் விடாது, "ஐயா, ஒருவன் மிகுதியாக இழுத்தான் என்றால் அதனை எங்ஙனம் அறிவது?" என்றோம். அவர் அப்பொழுதுதான் எம்மை நிமிர்ந்து நோக்கினார். "யார் எவ்வளவு இழுத்தான் என்று இழுத்தவனிடம் கேட்கக் கூடாது மக்களே. பக்கத்திலே நின்று இழுத்தவனிடம் கேட்க வேண்டும்" என்றார். யாம் வாயடங்கினோம்.

அவ்வுரையையே வழியாகக் கொண்டு அன்று மாலை ஒரு செயல் செய்தோம். இரண்டாண்டு உழைப்பை மணிக்கணக்கால் மதிப்பது. ஆனால் ஒருவரும் தம் உழைப்பைத் தாம் எழுதலாகாது. ஏனை மூவர் உழைப்பை மட்டுமே எழுதல் வேண்டும். மூவர் எழுதியதன் சராசரியே ஒருவர்க்குரிய புள்ளி. தாள்கள் நான்கும் விரிக்கப்பட்டன. எமக்கென எம் மனத்துள் யாம் குறித்திருந்த எண் 850. நண்பர் மூவர் எழுதியதன் சராசரி 900. யாம் கொடாததை அவர்கள் கொடுத்திருந்தனர். தோழியாருக்கு ஏனை இருவரும் எழுதியவை 400, 410. யாம் எழுதியது 150. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. தோழியார் மட்டும் தம் கடிதக் கோப்பைத் திறந்து எம் முன் வைத்தார். பிழை கண்டு எழுதியோர்க்கு விடை, மொழிபெயர்ப்புத் திருத்தம், விளையாட்டை ஆடிப் பார்த்தோர் குறைகளை எமக்குப் புரியும் வரிசையில் எழுதித் தந்த பட்டியல்கள் என நூற்றுக்கணக்கில் இருந்தன. யாம் திருத்திய பிழைகளுட் பெரும்பாலன அப்பட்டியல்களிலிருந்தே வந்தவை. எம் தாளைத் திரும்ப வாங்கி 150ஐ அடித்து 390 என்று எழுதினோம். பின்னர், கல்லூரியில் நடந்ததற்குக் காரணம் படங்கள் அல்ல, எம் பொய்யே என்று யாவர் முன்னிலையிலும் சொன்னோம். ஓவியர், "தெரியும்" என்ற ஒரு சொல்லே கூறினார்.

அதன்பின் எழுதிய உடன்படிக்கையின் ஷரத்துகளை, இம்முயற்சியிற் புகுவார்க்குப் பயன்படும் என்று கருதிச் சுருங்கச் சொல்லுதும். முதலாவது, படம், இசை, கதை, நிரல் ஆகிய நான்கின் உரிமையும் கூட்டு நிறுவனத்திற்கு எழுத்தால் மாற்றப்படும். காலமும் இடமும் தெளிவாகக் குறிக்கப்படும். நிறுவனம் கலைந்தால் அவரவர் ஆக்கம் அவரவரை மீண்டும் சேரும். இரண்டாவது, வந்த பணத்தில் முதலில் கைப்பொருள் இட்டவர்க்கு இட்ட பொருள் திரும்பும். அடகு வட்டியும் அதனுள் அடங்கும். மூன்றாவது, எஞ்சியதிற் பத்தில் ஒரு பங்கு வள்ளப் பங்காக நிறுவனத்திலே நிற்கும். விற்பனைக்குப் பின்வரும் பிழை திருத்தத்திற்கும் அடுத்த முயற்சிக்கும் அது உரியது. நான்காவது, மிகுந்ததிற் பாதி நால்வர்க்கும் சமம். மற்றப் பாதி புள்ளிப்படி.

சமபங்கு ஒரு பாதி வைத்தமைக்குக் காரணம், ஒருவர் இன்றி ஒருவர் ஆக்கம் பயன்படாது என்பது. புள்ளி ஒரு பாதி வைத்தமைக்குக் காரணம், நீண்டு உழைத்தவன் மனம் வேகாதிருத்தல் வேண்டும் என்பது. ஓவியத்து ஒரு மணியும் நிரலின் ஒரு மணியும் ஒரே மதிப்புடையனவோ என்ற வினா எழுந்தது. வெளிச்சந்தையில் அவற்றின் கூலி வேறு வேறு என்பது உண்மை. ஆயின் அவ்வேறுபாட்டை உள்ளே கொண்டுவந்தால் ஒவ்வொரு மாதமும் வழக்குண்டாகும் என்று கருதி, மணிக்கு ஒரு புள்ளி என்றே வைத்தோம். விலகிப் போவோர் போகும் நாள் வரை சேர்ந்த புள்ளிக்கு உரியர். அதன்பின் புதுப்புள்ளி இல்லை. இறந்தார் புள்ளி அவர் குடும்பத்தைச் சேரும்.

பொறுப்பைக் காத்தற்கு ஒரு குறிப்பேடு வைத்தோம். சனிக்கிழமை தோறும் நால்வரும் அதில் எழுதுவோம். செய்வதாகச் சொன்னது, செய்தது, செய்யாதது ஏன் என்னும் மூன்று பத்திகள், அவ்வளவே. வேலை தவறியதற்குத் தண்டம் இல்லை. இயலாது என்று புதன்கிழமைக்குள் சொன்னவனை ஏனையோர் தாங்குவர். முடியாததை முடிந்தது என்று எழுதினால் அவ்வாரப் புள்ளி முழுதும் போகும். இவ்விதியை எழுதக் கேட்டவர் யாமே. அவரவர் துறையில் முடிவான சொல் அவரவர்க்கே. பொருட் செலவும் வெளியீட்டு நாளும் மட்டும் நால்வரும் கூடி முடிவு செய்ய வேண்டுவன. வங்கிக் கணக்கை இருவர் கையெழுத்தின்றி இயக்க இயலாதபடி செய்தோம். கணக்கேட்டை எந்நாளும் எவரும் பார்க்கலாம். உடன்படிக்கையை நால்வர் சம்மதமின்றி மாற்றலாகாது என்பது இறுதி ஷரத்து. அதனைச் சேர்க்கத் தூண்டியது 2023 செப்டம்பரில் நடந்த ஒரு நிகழ்ச்சி. விளையாட்டு இயற்றும் கருவியாகிய யூனிட்டியை உடைய நிறுவனம், ஒரு விளையாட்டைப் பிறர் தம் கருவியில் நிறுவுந்தோறும் கட்டணம் என்று திடீரென அறிவித்து, உலகெங்கும் எழுந்த எதிர்ப்பால் அம்மாதமே தளர்த்தி, 2024 செப்டம்பரில் முற்றும் கைவிட்டது. பங்கின் அளவினும் அது சொல்லாமல் மாறுதலே மனிதரை மிக வருத்துவது.

விளையாட்டு 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஸ்டீம் என்னும் இணைய அங்காடியில் வெளிவந்தது. அங்கு ஒரு விளையாட்டை வைத்தற்கு 100 டாலர் கட்டணம். விற்பனை 1,000 டாலரைக் கடந்தபின் அது திருப்பித் தரப்படும். விற்பனையில் நூற்றுக்கு முப்பது அங்காடிக்குரியது. ஒரு கோடி டாலருக்கு மேல் விற்பவர்க்கு மேற்பட்ட பகுதியில் இருபத்தைந்தாகவும், ஐந்து கோடிக்கு மேல் இருபதாகவும் குறையும் என்பது அவ்வங்காடி 2018இற் செய்த ஏற்பாடு. எம் போன்ற சிறியார்க்கு அதனால் ஆவதொன்றுமில்லை. வாங்கிய பதினான்கு நாளுக்குள், இரண்டு மணிக்குக் குறைவாக ஆடியவர் திருப்பிக் கொடுத்துப் பணத்தை மீளப் பெறலாம். ஆகவே விற்ற நாளில் தோன்றும் தொகையை வருவாய் என்று எண்ணிப் பங்கிடுதல் பேதைமை. கைக்கு வந்தபின்னரே பங்கு என்பதையும் விதியாக்கினோம்.

2025 மார்ச்சு இறுதியில் முதலாண்டுக் கணக்கை முடித்தோம். அங்காடிப் பங்கும் வரியும் கழிந்து கைக்கு வந்தது 2,40,000 ரூபாய். கணினி 48,000, அடகு வட்டி 15,000, அங்காடிக் கட்டணம் 8,300, எழுத்துருவும் ஒலியும் வாங்கிய உரிமம் 6,700 ஆக 78,000 ரூபாய் இட்டவர்க்குத் திரும்பியது. எஞ்சிய 1,62,000இல் வள்ளப் பங்கு 16,200. மிகுந்தது 1,45,800. அதிற் பாதியாகிய 72,900ஐ நால்வர்க்கும் சமமாக்க, ஆளுக்கு 18,225. மற்றப் பாதிக்கு மொத்தப் புள்ளி 2,700; ஒரு புள்ளிக்கு 27 ரூபாய். எம் புள்ளி 1,150, ஓவியர்க்கு 820, தோழியாருக்கு 520, இசைஞர்க்கு 210. இவ்வாறு எமக்கு 49,275, ஓவியர்க்கு 40,365, தோழியாருக்கு 32,265, இசைஞர்க்கு 23,895 ரூபாய் வந்தன.

கணக்கை முடித்த இரவில் யாம் தனியே அமர்ந்து வேறொரு கணக்கும் இட்டுப் பார்த்தோம். பழைய வாக்கியத்தின்படி நான்கு சம பங்காக்கியிருப்பின் எமக்கு 36,450 கிடைத்திருக்கும். இப்பொழுது கிடைத்ததற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு 12,825 ரூபாய். இத்தொகைக்காகவோ இரண்டு திங்கள் நண்பர் முகத்தைப் பாராதிருந்தோம்? இத்தொகைக்காகவோ தாயார் சங்கிலியை அடகு வைத்தவரைப் பலர் முன்னிலையிற் பழித்தோம்? நாலாண்டு உழைப்பிற்கு வந்த பொருள் முழுவதும் எம் அலுவலக ஊதியத்திற் சில திங்களுக்கும் ஒவ்வாது. இம்முயற்சியாற் செல்வராகலாம் என்று எண்ணிப் புகுவார் இதனை நினைத்தல் நலம். ஆயினும் தொகை சிறிது. ஆகவே கணக்கு வேண்டா என்பது எம் கருத்தன்று. தொகை சிறிதாயிருந்தபொழுதே நட்பு முறியும் நிலை வந்ததெனின், பெரிதாயிருந்திருப்பின் யாது நிகழ்ந்திருக்கும்?

இளைய நண்பர்காள்! நுங்களுள்ளும் பலர் விடுதி அறையில் அமர்ந்து இத்தகைய முயற்சி தொடங்கியிருப்பீர்கள் என்பதை யாம் அறிவோம். தொடங்கும் நாளிலேயே, ஒருவர்மேல் ஒருவர்க்கு அன்பு நிறைந்திருக்கும் பொழுதிலேயே, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பகை வந்தபின் எழுதும் உடன்படிக்கையில் ஒவ்வொரு சொல்லும் ஆயுதமாகும். எவர் எதனைச் செய்வர், எவர் பொருள் இடுவர், எவர் விலகினால் என்னாகும், எவர் பெயர் எங்கு நிற்கும் என்னும் நான்கு வினாக்களுக்கு ஒரு தாளில் விடை எழுதினால் போதும். முத்திரைத் தாளும் பதிவும் அடுத்து வரலாம். தவறியதை உடனே சொல்லுங்கள். உம் உழைப்பை நீர் அளவாதிருங்கள். பக்கத்தில் நின்றவர் உழைப்பை அளக்கப் பழகுங்கள்.

கணக்கு முடிந்த மறுவாரம் ஓவியரோடு கூட்டுறவுச் சங்கத்திற்குச் சென்றோம். பணம் கட்டிச் சங்கிலியை மீட்டு வீட்டிற்குக் கொண்டு வந்தோம். தாயார் அதனைக் கையில் வாங்கி எடை பார்ப்பவர் போல ஒருமுறை அசைத்துப் பார்த்துக் கழுத்தில் அணிந்துகொண்டார். பின்பு எம்மைச் சாப்பிட அழைத்தார். தந்தையார் அன்றும் முற்றத்திலே வலையோடு இருந்தார். "வள்ளப் பங்கு எடுத்து வைத்தீர்களா மக்களே?" என்று மட்டும் கேட்டார். வைத்தோம் என்றோம். அப்பங்காகிய 16,200 ரூபாயைக் கொண்டே அடுத்த விளையாட்டின் வேலை இப்பொழுது நடைபெறுகின்றது. சனிக்கிழமைக் குறிப்பேடும் இடையறாது எழுதப்பட்டு வருகின்றது.